காத்து பிரிஞ்சுதா?

ஜனவரி 8

எனக்குக் கிடைத்திருக்கும் ஆராய்ச்சித் தலைப்பை அம்மாவிடம் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "குடல் சம்பந்தமா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மா உடனே அதை ஜெபக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிடுவாள். முழுத் தலைப்பையும் சர்ச்சில் வாசித்தால் நான் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

விஷயம் இதுதான். வயிற்றைத் திறந்து குடலில் கை வைத்தால் குடல் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சில நாள் கழித்து, போனால் போகட்டும் என்று மறுபடி தொடங்கும். தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம், நோயாளிக்குக் காற்றுப் பிரிவது. அதுவரைக்கும் வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது. அதனால் சர்ஜரி வார்டில் நாங்கள் தினமும் காலையில் கட்டில் கட்டிலாக "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு போவோம். பேர் கேட்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் சீஃப் டாக்டர் மாசிலாமணி ஏதோ மாநாட்டில் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சூயிங்கம் மெல்லக் கொடுத்தால், சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து சீக்கிரம் விழித்துக்கொள்ளுமாம். அதை இங்கே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். பார்க்கப் போவது யார்? இரண்டாம் வருஷ பி.ஜி. ஹெப்சிபா.

நான் எம்.எஸ். சேர்ந்தது அறுக்கவும் தைக்கவும். இதுவரை செய்தது ரிட்ராக்டர் பிடித்தது. அதாவது, வயிற்றின் ஓரத்தைக் கொக்கி போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடக்கிற வேலையைப் பார்க்க முடியாமல் சீஃபின் தோளையே பார்த்துக்கொண்டு நிற்பது. ஒரே ஒரு குடலை வெட்டி, இரண்டு முனையையும் என் கையால் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். சீஃபிடம் கேட்டேன். தீசிஸ் ஒழுங்காகப் போகட்டும், தருகிறேன் என்றார். தீசிஸ் செப்டம்பரில் போய்ச் சேராவிட்டால் பரீட்சையும் கிடையாது. ஆக, என் படிப்பு, ஆசை எல்லாம் இப்போது ஊரார் காற்றை நம்பி இருக்கிறது.

ஜனவரி 23

ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவின் முன்னால் போய் நின்றேன். சூயிங்கத்தால் நோயாளிக்கு ஆபத்து உண்டா, அவரிடம் சம்மதம் வாங்குவீர்களா என்று கேட்பார்கள் என்று விடிய விடியப் படித்துக்கொண்டு போயிருந்தேன். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், மென்று முடித்த சூயிங்கத்தை நோயாளிகள் எங்கே ஒட்டுவார்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். கடைசியில், கட்டிலின் அடியில் ஒட்டக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டு அனுமதி கொடுத்தார்கள். ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்தது இதற்குத்தான்.

பிப்ரவரி 5

முதல் கேஸ். யாருக்குச் சூயிங்கம், யாருக்கு இல்லை என்பதை நான் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய உறைக்குள் சீட்டு இருக்கும், பிரித்தால்தான் தெரியும். இந்த ஆளுக்குச் சூயிங்கம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் ஒரு டப்பா மொத்தமாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விடுகிறவர்கள் இப்படித்தான் வாங்குவார்கள், விட்டுவிடுங்கள் டாக்டரம்மா, நல்லதுதான் என்றார். விளக்கம் சொல்லப் போய், "காத்து" என்ற வார்த்தை வரைக்கும் வந்துவிட்டு, ஆமாம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 6

ரிட்ராக்டர்.

பிப்ரவரி 20

வார்டில் காற்றுக்காகக் காத்திருந்த நேரத்தில் தியேட்டரில் ஒரு குடல் வெட்டு வந்து, என் செட் பாலவிநாயகம் அதைத் தைத்துவிட்டான். அவன் தீசிஸ் பழைய கேஸ் ஷீட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து எண்ணுவது. அலமாரிக்குக் காற்றுப் பிரியுமா, ஓடிப் போய்ப் பார்க்க வேண்டுமா? சாயந்திரம் கேண்டீனில் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, ஊசியை எப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்குக் காட்டினான். நல்லா இருக்கட்டும். அவன் பஜ்ஜியில் எண்ணெய் அதிகம் என்பதை மட்டும் சொன்னேன்.

மார்ச் 11

என்னை நானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் இப்படி ஒரு ரிசல்ட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சூயிங்கம் மென்றவர்களுக்கு மறுநாளே காற்றுப் பிரிகிறது. மெல்லாதவர்களுக்கும் சீக்கிரம்தான், கொஞ்சம் பிந்தி. உலகத்தில் எந்த நாட்டுக் குடலும் இத்தனை சுறுசுறுப்பு இல்லை. சீஃபுக்கு வாயெல்லாம் பல். ஜெய்ப்பூர் மாநாட்டுக்கு ஆராய்ச்சிச் சுருக்கம் அனுப்பி, டிக்கெட்டும் போட்டுவிட்டார். ஸ்டாஃப் நர்ஸ் குர்ஷித் சிஸ்டர் மட்டும், நம்ம வார்டு தண்ணியில் ஏதும் விசேஷம் இருக்கிறதா என்று கேட்டார். பொறாமை என்று நினைத்தேன்.

மார்ச் 17

போச்சு. எல்லாம் போச்சு.

பார்வையாளர் நேரத்தில் நான் வார்டுக்குப் போவதில்லை. இன்று ஸ்டெதாஸ்கோப்பை அங்கே மறந்து வைத்துவிட்டேன் என்று போனேன். வார்டு முழுக்க மென்றுகொண்டிருந்தது. சூயிங்கம் கிடைத்தவர், கிடைக்காதவர், அவர்கள் பெண்டாட்டிமார், கை ஒடிந்து வந்தவர், பழம் கொண்டு வந்த விருந்தாளி, எல்லார் தாடையும் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

இசக்கிமுத்து என்பவர் என் சூயிங்கம் ஆள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அழாத குறையாகக் கேட்டேன். அவருக்கு நான் ஏன் வருத்தப்படுகிறேன் என்றே புரியவில்லை.

"நான் மட்டும் சவச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்துக் கட்டில்காரன் என் வாயவே பாத்துக்கிட்டுக் கெடக்கான். எப்படிம்மா எனக்கு எறங்கும்? பிச்சுப் பாதி குடுத்தேன். தப்பா?"

சூயிங்கம் இறங்கவே கூடாது என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே அடுத்த குண்டைப் போட்டார். "காத்து பிரிஞ்சுதான்னு கேட்டா, பிரிஞ்சுதுன்னு சொல்லணும். சொன்னாத்தான டீ தருவீய? புதுசா வாரவங்களுக்கு நாங்கதான் சொல்லிக் குடுக்கோம்." அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆக, யார் மென்றார்கள் என்பது பொய். யாருக்குப் பிரிந்தது என்பதும் பொய். உண்மை என்று ஒன்று இருந்தால் அது டீ மட்டும்தான்.

மார்ச் 18

சீஃபிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது, புள்ளிவிவரம் அழகாக இருந்தது, செப்டம்பரில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ராத்திரி முழுக்க அதையேதான் யோசித்தேன். ஆனால் இதை நம்பி எவனாவது வேறு ஊரில் ஒரு டாக்டர், காற்றுப் பிரியாத ஆளுக்குச் சூயிங்கத்தைக் கொடுத்துவிட்டுச் சோறும் போட்டால் என்ன ஆகும்?

சீஃப் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டார். "எப்சி, டிக்கெட் போட்டாச்சே" என்றார். பிறகு ஒரு சுளையை என் பக்கம் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் குப்பையில் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். தியேட்டர் ஆசையைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைக்கச் சொன்னார். அடுத்த குடலும் பாலவிநாயகத்துக்குத்தான்.

ஆரஞ்சு புளித்தது.

ஏப்ரல் 2

புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். சூயிங்கம்காரர்களுக்கு வராந்தாவின் இந்தக் கோடி அறை, மற்றவர்களுக்கு அந்தக் கோடி அறை. நோயாளிக்குத் துணையாக ஒரே ஒரு ஆண். பெண்கள் வாசலோடு சரி. ஏனென்றால் போன தடவை கட்டிலுக்குக் கட்டில் சூயிங்கம் கடத்தியதெல்லாம் பெண்டாட்டிமார் மடியில்தான். காற்றுப் பிரிந்தது என்றால் உடனே டீ கிடையாது, நான் வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்ட பிறகுதான். குர்ஷித் சிஸ்டர் சட்டத்தைப் படித்துவிட்டு, ஜெயில்கூட இதைவிடப் பரவாயில்லை என்றார். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 24

நயினார் என்று ஒருவரைச் சேர்த்திருக்கிறோம். ஆறுமுகநயினார். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்பவர். பெருங்குடலில் ஒரு கட்டி, வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். எத்தனை மரியாதை! ஊசி போடப் போனால் "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்கிறார். ஆஸ்பத்திரிப் போர்வையை நாலு மடிப்பாக மடித்து வைத்திருக்கிறார், பார்டர் வெளியே தெரிகிற மாதிரி. அந்தப் போர்வைக்கு பார்டர் உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

இவர் குடலும் பாலவிநாயகத்துக்கு. எனக்கென்ன.

ஏப்ரல் 25

பாலவிநாயகத்துக்கு அம்மை போட்டிருக்கிறது. அவன் அம்மா வேப்பிலையைக் கட்டி வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டாராம். அம்மை யாருக்கும் வரக் கூடாதுதான். பாவம்தான். போன் பண்ணி உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். அவசரமே வேண்டாம், நன்றாக ஆறட்டும் என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 26

தைத்துவிட்டேன்.

கட்டியை எடுத்ததும் சீஃப் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு, ரிட்ராக்டரை அவர் பிடித்துக்கொண்டார். என் சீஃப், எனக்கு, ரிட்ராக்டர்! முதல் தையல் போடும்போது மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. மூன்றாவதுக்கு அப்புறம் கை தானாகப் போயிற்று. குடலின் இரண்டு வாயும் ஒன்றோடொன்று சேர்ந்து, மினுமினுப்பாக, ஈரமாக, ஒரே குழாயாகிவிட்டது. என் ஆயுசில் இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. இதை வெளியே யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

சீஃப் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ம்" என்றார். கையுறையைக் கழற்றும்போது, "அந்த ஆளுக்குக் காத்து பிரியட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

வார்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். சூயிங்கம் கிடையாது.

ஏப்ரல் 27

அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அப்படியே நயினாரையும் பார்த்தேன். பிரியவில்லை. முதல் நாள் பிரியாது, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மத்தியானம் அந்தப் பக்கம் வேறு ஒரு வேலை.

சாயந்திரமும்.

ஏப்ரல் 28

பிரியவில்லை. கேட்டால் "பாக்கலாம்மா, பொறுமையாப் பாக்கலாம்" என்கிறார், சேலை எடுக்க வந்தவளிடம் சொல்வது போல. துணைக்கு மருமகன் காந்திமதிநாதன் இருக்கிறார். அவரிடம் கேட்டால் கால் பெருவிரலால் தரையைத் தேய்க்கிறார். மாமனார் காற்றைப் பற்றி மருமகன் என்னத்தைச் சொல்வார்.

வாசலில் நயினார் மனைவி கோமதியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோடி அறைக்காரர்களுக்குச் சவ்வு மிட்டாய் கொடுக்கிறீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை, அவர்களுக்குச் சிபாரிசா என்று கேட்டார். சிபாரிசெல்லாம் இல்லை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, அவருக்கு விழவில்லை என்றேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுல அவியளுக்கு என்னைக்கும்மா சீட்டு விழுந்திருக்கு" என்றார்.

ஏப்ரல் 29

பிரியவில்லை. லேசாகக் காய்ச்சல். காய்ச்சல் என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் சூடு. எனக்குக் கவலை ஒன்றும் இல்லை.

தையல் விட்டால் என்ன ஆகும் என்பது எழுத வேண்டாம். மறுபடி திறக்க வேண்டும். இந்த வயசில், இந்த உடம்பில், சில பேர் பிழைப்பதில்லை. எழுதிவிட்டேன்.

ஐந்தாவது தையலும் ஆறாவது தையலும் கொஞ்சம் தள்ளி விழுந்ததோ? மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 30

காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருக்கிறது. ஸ்டெத் வைத்தால் சத்தமும் கேட்கிறது. கேள்விக்குத்தான் பதில் இல்லை. "பாக்கலாம்மா." டிரிப் ஏறினாலும் மனிதர் காய்ந்து போயிருக்கிறார், உதடு வெடித்திருக்கிறது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்து கும்பிடுகிறார். தண்ணீராவது கொடுக்கலாமா என்று சீஃபுக்குப் போன் பண்ணினேன். பிரியட்டும் என்றார்.

கோட்டுப் பையில் கை விட்டால் சூயிங்கம். நான் எடுத்து வைக்கவில்லை, எப்போதும் கிடப்பதுதான். இருந்தாலும் அதை உரித்துக்கொண்டே அவர் அறைவாசல் வரைக்கும் போய்விட்டேன். ஒன்றே ஒன்று. யாருக்குத் தெரியும்? மற்றவர்களை ஜெயிலில் போட்ட மகராசி நான்தான். திரும்பி நேரே சீஃப் அறைக்குப் போய், இந்த ஒரு ஆளை மட்டும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மிட்டாய் குடுத்து ஒன் தையலக் காப்பாத்த முடியாதும்மா. தச்சது தச்சதுதான். நாளைக்குக் காலையில ரெண்டு பேருமாப் போய்ப் பாப்போம். தேவைப்பட்டா ஸ்கேன் எடுப்போம்."

சூயிங்கத்தை நானே மென்றேன். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மே 1

காலையில் நானும் சீஃபும் போனபோது அறைவாசலில் சண்டை. கோமதியம்மாள் உள்ளே போயே தீருவேன் என்று நிற்கிறார். மருமகனைக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாராம், நான் கட்டின புருஷனை நான் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார். செக்யூரிட்டி என் சட்டத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். விடுங்கள் என்றேன். சட்டமாவது மண்ணாவது.

அந்த அம்மாள் நேரே கட்டிலுக்குப் போய், மருமகனை வெளியே அனுப்பிவிட்டு, குனிந்து காதோடு காதாக ஏதோ கேட்டார். நயினார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ முனகினார். அந்த அம்மாள் நிமிர்ந்து, தலையில் அடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"முந்தாநேத்தே ஆயிட்டாம்! அதுக்கப்புறமும் எத்தனையோ தடவ ஆயிட்டாம். பொம்பளப் பிள்ள வந்து கேக்கு, அதுட்ட எப்படிச் சொல்லன்னு இருந்திருக்காவ. மருமவன்ட்டயும் வாயத் தொறக்கல. நான் உள்ள இருந்தா என்ட்ட சொல்லியிருப்பாவ. மானத்துக்காவ ரெண்டு நாளு பட்டினி கெடந்திருக்காவ, டாக்டரே!"

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. டீ வாசம்கூட அறியாமல் என் சட்டத்துக்குள் இரண்டு நாள் கிடந்திருக்கிறார் மனிதர். முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே, "இருக்கட்டும்மா, உங்க மேல தப்பில்ல" என்றார். கோமதியம்மாள் இனி எந்நேரமும் உள்ளே இருக்கலாம் என்றும் சொன்னேன். எல்லா அறைக்கும் அப்படித்தான், நாளையிலிருந்து.

சீஃப் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்டெத் வைத்துக் கேட்டார். வெளியே வந்து, வராந்தாவில், எத்தனை மணிக்குப் பிரிந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். பகலா, ராத்திரியா? அவர் சொல்ல மாட்டார் சார், அவர் மனைவியும் இனிமேல் கேட்க மாட்டார்.

"அப்ப இந்தக் கேஸ் கணக்குல வராதே" என்றார்.

"வர வேண்டாம் சார்" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தார். படிக்கட்டில் நின்று, வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு குடல் கேஸ் இருக்கிறது, நீயே தை என்றார். பாலவிநாயகம் வந்துவிட்டாலுமா என்று கேட்டேன். அவன் ரிட்ராக்டர் பிடிப்பான் என்றார்.

சாயந்திரம் ஆராய்ச்சி அட்டவணையைத் திறந்தேன். நயினார் பெயருக்கு நேரே, காற்றுப் பிரிந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'தெரியாது' என்று எழுதினேன். இந்த தீசிஸில் நான் இவ்வளவு சந்தோஷமாக எழுதிய வார்த்தை வேறு இல்லை.